தோற்றவர்களின் தொப்பிகள்

கோலியர்ஸ் வுட், லண்டன், 2009 மார்கழி

மகன்,

உன் கலியாணக் கார்ட் போன செவ்வாய்க்கிழமை வந்தது. கதவடியில் விழுந்து கிடந்ததைக் குனிந்து எடுத்தவன் நான். உறையில் அம்மாவின் பெயர் மட்டும் எழுதியிருந்தாய். அம்மா அதைக் கத்தரிக்கோலால் கவனமாக வெட்டித் திறந்து என்னிடமும் காட்டிவிட்டு, "அவசரத்தில எழுத மறந்திருப்பான்" என்றாள். நீ மறக்கிற ஆள் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். தை மாதம் ரொறன்ரோவுக்கு அவள் தனியாகத்தான் வருவாள், டிக்கெட் போட்டாயிற்று. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆவணியில் நீ வீட்டை விட்டுப் போனபின் நான் எழுதிய மூன்று கடிதங்களும் திறக்கப்படாமல் திரும்பி வந்தன. அவற்றில் நான் எழுதியதில் பாதி உண்மை இல்லை. நீ வாசிக்காமல் விட்டதே நல்லது. இது நாலாவது. இதில் எதையும் பூசி மெழுகவில்லை.

எப்படித் தொடங்கியது என்று நீ ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. ஜெர்மனியில் ஆறு வருடத்தை அகதி முகாமிலும் உணவகச் சமையலறைகளிலும் கழித்துவிட்டு லண்டனுக்கு வந்தபோது உனக்கு எட்டு வயது. ஸ்ட்ரெதமில் நம்மவர் ஒருவரின் ட்ரை கிளீனிங் கடையில் எனக்கு அயன் பண்ணும் வேலை கிடைத்தது. முதல் குளிர்காலத்தில் வயதான ஒரு வெள்ளைக்காரர் வெள்ளை மேற்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். கழுத்தை மூடும் சட்டை. ஐந்து பித்தளைப் பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நங்கூரம், அதன்மேல் ஒரு பூ. ஜப்பான் கடற்படை அதிகாரி ஒருவனுடையது, சிங்கப்பூரில் அவர்கள் சரணடைந்தபோது எடுத்தது என்றார். உன் அப்பப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். ஜப்பான் கடற்படையின் விமானங்கள் வந்து குண்டு போட்ட காலையில் மேசைக்குக் கீழே படுத்துக் கிடந்து உயிர் தப்பியவர். அவரை மேசைக்குக் கீழே போக வைத்தவர்களின் சட்டை இப்போது என் அயன் மேசையில் மல்லாந்து கிடந்தது. நான் நீராவி விட்டு அதை அழுத்தினேன். அப்போது எனக்கு வந்தது ஒரு சந்தோசம் என்பதை இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கிழவர் அதை எடுக்க வரவேயில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு முதலாளி, "உமக்கு விருப்பமெண்டால் கொண்டு போம்" என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் உன் கண்முன்னால் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பழைய இராணுவப் பொருள் சந்தைகளுக்குப் போனேன். மாலுமிகளின் வட்டத் தொப்பிகள், தங்க நூலில் நங்கூரம் தைத்த அதிகாரித் தொப்பிகள், தரையிறங்கும் படையினரின் இரும்புத் தலைக்கவசங்கள், கருநீலக் குளிர்காலச் சீருடைகள். ஜப்பானின் தரைப்படைப் பொருளை நான் தொட்டதில்லை; கடற்படை மட்டும்தான். எது அசல், எது பின்னாளில் தைத்தது என்று பொத்தான் துளையைப் பார்த்தே சொல்லப் பழகினேன். தொப்பியின் உட்பட்டியில் சொந்தக்காரனின் பெயர் மையால் எழுதியிருந்தால் அந்தத் தொப்பிக்கு மதிப்பு அதிகம். அந்தப் பெயர்களை வாசிப்பதற்காகவே ஜப்பானிய எழுத்துக் கொஞ்சம் படித்தேன். நம்முடைய பிளாட்டில் அறை இரண்டு. ஒன்றில் நானும் அம்மாவும் படுத்தோம். மற்றதில் தொப்பிகள் இருந்தன. அவற்றுக்கு ஈரம் ஆகாது என்று ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கி வைத்தேன். வெயில் ஆகாது என்று தடித்த திரை போட்டேன். நீ வீட்டில் இருந்த காலமெல்லாம் முன்னறைச் சோபாவில் படுத்தாய். தொப்பிகளுக்காக நான் வாங்கி வைத்த வெள்ளைப் பொம்மைத் தலைகளுக்குப் பயந்து, சின்ன வயதில் அந்தக் கதவைக் கடக்கும்போது ஓடித்தான் கடப்பாய். நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

சந்தையில் கேட்பவர்களுக்குச் 'சரித்திரத்தில் ஆர்வம்' என்று சொல்வேன். உண்மை அதைவிடச் சின்னது. ஊரில் நடந்த எங்கள் சண்டையிலிருந்து நான் ஓடி வந்தவன். அதைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் நான் எழுந்து போய்விடுவேன். மற்றவன் தோற்ற சண்டை அப்படியில்லை. அதைத் தூசு தட்டலாம், அந்துருண்டை போட்டுப் பாதுகாக்கலாம், கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போடலாம். 'என்னுடையதைத் தா' என்று யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

ஒருத்தி தட்டினாள். உனக்கு அப்போது பதினாறு வயது. சேகரிப்பவர்களுக்கான ஒரு சஞ்சிகையில் என் தொப்பி ஒன்றின் படத்தை, உள்ளே எழுதியிருந்த பெயரும் தெரியும்படி போட்டிருந்தேன். வட லண்டனில் இருந்த ஜப்பான்கார அம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு எழுதினார். அது அவருடைய தகப்பனின் பெயர். படைப் பிரிவும் ஒன்றுதான். சரணடைந்தபின் முகாமில் காய்ச்சலில் இறந்துபோனாராம். அந்த அம்மாவுக்கு அப்போது இரண்டு வயது. எரிக்க உடலும் இல்லை, வீட்டில் வைக்க ஒரு துண்டுத் துணியும் இல்லை. பார்க்க வரலாமா என்று கேட்டிருந்தார். வரச் சொன்னேன். அன்றைக்கு நான் எவ்வளவு பெருமையோடு சட்டை மாற்றினேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும்.

நீ தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாய். அந்த அம்மா குடிக்கவில்லை. நான் தொப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அவர் கையை நீட்டியபோது, "ஒரு நிமிடம்" என்று தடுத்து, என் பருத்திக் கையுறைகளை அவரிடம் கொடுத்தேன். வெறுங்கையில் உள்ள எண்ணெய் துணிக்குக் கூடாது என்று விளக்கமும் சொன்னேன். தகப்பனின் ஒரேயொரு பொருளைத் தொட வந்தவர், என் கையுறைகளைப் போட்டுக்கொண்டார். அவருடைய கைகளுக்கு அவை பெரிது. தொப்பியை மடியில் வைத்து, உட்பட்டியை விரலால் தடவினார். பிறகு, "இதை எனக்குத் தர முடியுமா? நீங்கள் என்ன கேட்டாலும் சரி" என்றார். என் தொகுப்பில் பெயரும் படைப் பிரிவும் தெளிவாகத் தெரிந்த ஒரே தொப்பி அது. "இது என்னிடம் பத்திரமாக இருக்கும். உங்கள் வீட்டில் இருப்பதைவிட நல்லாக இருக்கும்" என்று சொன்னேன். அந்த வார்த்தைகளை நான் மறக்கவில்லை.

நீ வாசலில் நின்று தமிழில் சொன்னாய்: "அப்பா, அவவிட்டக் குடுங்கோ."

"உனக்கு விளங்காது. உள்ள போ."

"இதில விளங்க என்ன கிடக்கு? அது அவவின்ர அப்பாவின்ர."

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் உன் முகத்தைப் பார்த்து எல்லாம் புரிந்துகொண்டார். கையுறைகளைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார். போகும்போது உன்னைப் பார்த்துத்தான் தலை குனிந்தார், என்னைப் பார்த்தல்ல. அன்றிலிருந்து நீ அந்த அறைப் பக்கம் வரவில்லை. சாப்பாட்டு மேசையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாய். பள்ளிக்கூடப் பிள்ளையின் கோபம், ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன். நீ குடும்பம் நடத்தப் போகிறவன், ஆகவே சொல்கிறேன்: பிள்ளை ஒன்றைக் கண்டு முகம் திருப்பினால் அதை வயதுக் கோளாறு என்று ஒதுக்காதே. நான் பதினொரு வருடம் அப்படி ஒதுக்கினேன்.

இந்த வருடத்துக்கு வருகிறேன். தை மாதம் சித்தப்பாவிடமிருந்து கடைசிப் போன் வன்னியிலிருந்து வந்தது. மகள் தர்சினியைப் புலிகள் இயக்கம் சண்டைக்குக் கொண்டுபோய்விட்டது என்று சொல்லி அழுதான். பதினேழு வயது. உன்னோடு போனில், "அண்ணை, லண்டன்ல பனி விழுதோ?" என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை. அதன்பின் போன் இல்லை. சித்திரை முழுக்க நீ, சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் வீதியில் நின்றாய். வேலைக்கு லீவு போட்டாய். அம்மா சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு டியூப் ரயிலில் வந்து போனாள். "ஒரு நாளாவது வாங்கோ அப்பா, ஆக்கள் கேக்கினம்" என்று நீ கூப்பிட்ட ஞாயிறு, கென்ட்டில் சந்தை இருக்கிறது என்று சொல்லிப் போனேன். அன்று நான் வாங்கியது ஒரு மாலுமித் தொப்பியின் நாடா. வைகாசியில் எல்லாம் முடிந்தது. நீயும் உன் நண்பர்களும் வீடு வீடாகப் போன் எடுத்துக் காணாமல் போனவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கினீர்கள். நான் நாடாவுக்குச் சட்டம் அடித்தேன்.

ஆவணியில் ஒரு ஞாயிறு, தென் லண்டனில் ஒரு பள்ளி மண்டபத்தில் சந்தை. கெவின் என்ற வியாபாரியிடம் நான் பல வருடமாக வாங்கியிருக்கிறேன். என்னைக் கண்டதும் கை காட்டினான். "உன் ஊர்ப் பக்கத்துச் சாமான் ஒன்று வந்திருக்கிறது" என்று மேசைக்குக் கீழிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தான். கொழும்புக்குப் போய்வந்த யாரோ கொண்டுவந்ததாம். பிரித்தால், இயக்கப் பிள்ளைகள் போடுகிற வரிச்சட்டை. தோய்க்காதது. செம்மண் அப்படியே இருந்தது. இடது பக்க விலாவில் துணி விறைத்துக் கறுத்திருந்தது. சின்ன அளவு, மகன். என் கைக்குள் அந்தத் தோள்கள் அடங்கின.

நான் அப்போது என்ன செய்தேன் என்பதை உனக்கு அன்று பாதிதான் சொன்னேன். முழுவதும் இதுதான். பழக்கதோசத்தில் சட்டையைத் திருப்பினேன். தையலைப் பார்த்தேன். பொத்தான் துளையைப் பார்த்தேன். "அசல்தான்" என்றேன். கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் நீலப் பேனாவால் எழுதியிருந்தது. "ஓ, எழுத்தா? நான் அழுக்கு என்று நினைத்தேன். என்ன எழுதியிருக்கிறது?" என்று கெவின் கேட்டான். வாசித்துச் சொன்னேன். "கயல்விழி." என்ன அர்த்தம் என்று கேட்டான். மீன் போன்ற கண் உள்ளவள், பெண்பிள்ளையின் பெயர் என்று அதையும் சொன்னேன். அவன் என்னிடமே எழுத்துக்கூட்டிக் கேட்டு, ஆங்கிலத்தில் ஒரு துண்டில் எழுதிச் சட்டையில் குத்தினான். பிறகு பழைய விலையை வெட்டி இரண்டு மடங்கு எழுதினான். பெயர் இருந்தால் மதிப்பு அதிகம் என்று அவனுக்கும் எனக்கும் தெரியும்.

நான் சந்தை நடத்துபவர்களிடம் முறையிட்டிருக்கலாம். அந்தச் சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்திருக்கலாம். கேட்ட விலையை அங்கேயே கொடுத்திருக்கலாம். என்னிடம் காசு இருந்தது. காசு மெஷினுக்குப் போன நேரத்தில் விற்றுவிட்டான் என்று உன்னிடம் சொன்னது பொய். என்னை வைத்தே விலையை ஏற்றுகிறானே என்று எனக்கு ரோசம் வந்தது. கடைசி நேரத்தில் வந்தால் இறங்குவான் என்று கணக்குப் போட்டுத் திரும்பி நடந்தேன். இருபது வருடச் சந்தைப் பழக்கம். அந்த நேரத்தில் நான் மண்டபத்தின் மற்ற மூலையில் நங்கூரம் பதித்த ஜப்பானியத் தலைக்கவசம் ஒன்றைக் கையில் வைத்து, அதன் உள்தோல் மாற்றியதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது மேசைக்குக் கீழே பை இல்லை. "போய்விட்டது. நீ வாசித்த பெயர்தான் விற்றுத் தந்தது, நன்றி" என்றான் கெவின். வாங்கியவன் யாரென்று சொல்ல மறுத்துவிட்டான்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒருவேளை நீ ஆறுதல் சொல்வாய் என்று நினைத்திருப்பேன். நீ பெயர்ப் பட்டியலைக் கணினியில் அடித்துக்கொண்டிருந்தாய்.

"நீங்களே வாசிச்சுக் குடுத்தனீங்களோ?"

"கேட்டான், சொன்னன்."

"ஆர் வாங்கினது?"

"தெரியேல்ல."

"எங்கட ஆக்களின்ர பேரோ எண்டு யோசிச்சனீங்களோ?"

"தர்சினியின்ர பேர் இல்லை. வடிவாப் பாத்தனான்" என்றேன். உண்மையில் அந்தப் பெயரை வாசித்த நொடியில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நம்முடைய பிள்ளை இல்லை என்ற நிம்மதி.

நீ கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தாய். "அப்பா, இயக்கத்துக்குப் போனால் வேற பேர் வைப்பாங்கள். தர்சினிக்கு என்ன பேர் வச்சவங்கள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அம்மா கையில் அகப்பையோடு சமையலறை வாசலில் நின்றாள். நீ என்னிடம் கத்தவில்லை; கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்கள் ஒரு வியாபாரி கூட இல்லை அப்பா. அவன் காசுக்குச் செய்யிறான். நீங்கள் எதுக்குச் செய்யிறீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் பையில் உடுப்பை அடுக்கினாய். இரண்டு கிழமை நண்பன் வீட்டில் இருந்துவிட்டு, கனடாவில் வேலை கிடைத்தது என்று அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

நீ போனபின் என்ன செய்தேன் என்று கேட்பாயோ தெரியாது. அந்தச் சட்டையைத் தேடினேன். ஒவ்வொரு சந்தைக்கும் போனேன், வாங்குவதற்கல்ல. கடைசியில் கெவினிடம் என் அதிகாரிச் சீருடையை, அந்த முதல் வெள்ளைச் சட்டையையும் சேர்த்து, பதிலுக்குத் தருகிறேன் என்று சொல்லி வாங்கியவருக்கு அறிவிக்கச் சொன்னேன். கெவின் ஒரு துண்டுக் கடிதம் கொண்டுவந்தான். கையெழுத்து இல்லை. சட்டை தன்னிடம் பத்திரமாக இருப்பதாகவும், முறைப்படி கண்ணாடிக்குள் வைத்திருப்பதாகவும், கவலைப்பட வேண்டாம் என்றும் எழுதியிருந்தது. மரியாதையான கடிதம். அதை வாசித்துவிட்டு வீதியோரச் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றேன். பேருந்துக்கு நின்ற ஒருத்தி வந்து, "ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள்.

அடுத்த நாள் ஜப்பான்கார அம்மாவின் பழைய கடிதத்தைத் தேடி எடுத்து, அந்த விலாசத்துக்குத் தொப்பியை அனுப்பினேன். நேரில் போக முகம் இல்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதி உள்ளே வைத்தேன். மூன்று கிழமையில் பதில் வந்தது. தொப்பி கிடைத்ததாகவும், தாயின் சாம்பலோடு அதையும் வைக்கலாம் என்று காத்திருந்ததாகவும், தாய் நாலு வருடத்துக்கு முன்னர் இறந்துவிட்டதாகவும், அவரை அது இல்லாமலே அடக்க வேண்டியிருந்ததாகவும் எழுதியிருந்தார். கடைசி வரி: "இனி எனக்கு எழுத வேண்டாம்." நன்றி என்ற சொல் இல்லை. நியாயம்தான்.

மற்றத் தொப்பிகளை எல்லாம் எரித்துவிட்டேன் என்று எழுதினால் உனக்குத் திருப்தியாக இருக்கும். எரிக்கவில்லை. பெயருள்ள தொப்பிகள் இன்னும் ஏழு இருக்கின்றன. ஜப்பானியர் ஒருவர் மூலம் அந்தக் குடும்பங்களைத் தேடுகிறேன். இரண்டு வீடு கிடைத்தது. ஒரு வீட்டார் வாங்கிக்கொண்டார்கள். மற்ற வீட்டார் வேண்டாம் என்றார்கள். அந்த மனிதனைப் பற்றி நினைக்கவே அவர்களுக்கு விருப்பமில்லையாம். அதைக் கேட்டபோது எனக்கு என் ஞாபகம் வந்தது. ஒரு மனிதனின் பொருளை அவன் பிள்ளைகளே வேண்டாம் என்று சொல்லும் நிலை எப்படி வரும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கார்த்திகையில் சித்தப்பா தடுப்பு முகாமிலிருந்து வெளியே விடப்பட்டுப் போன் எடுத்ததை அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். அவனும் சித்தியும் உயிரோடு இருக்கிறார்கள், தர்சினியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா அழுதுகொண்டு குளியலறைக்குள் போன நேரத்தில் நான் அவனிடம் கேட்டேன்.

"பிள்ளைக்கு அங்க என்ன பேர் வச்சவங்கள்?"

"எங்களுக்குச் சொல்லேல்ல அண்ணை. மாசியில ஒருக்கா வந்து பாத்திட்டுப் போனவள். அப்பவும் நாங்கள் தர்சினி எண்டுதானே கூப்பிட்டனாங்கள். ஏன் கேக்கிறியள்? ஏதும் கேள்விப்பட்டனீங்களோ?"

அந்தக் கடைசிக் கேள்வியில் அவனுடைய குரல் எழும்பியது. பத்து மாதத்துக்குப் பிறகு ஒரு தகப்பன் நம்பிக்கையோடு கேட்கிறான்.

"இல்லை, சும்மாதான் கேட்டனான்" என்றேன்.

இந்தக் கடிதத்தை உனக்குத் தபாலில் அனுப்பவில்லை. இங்கே வரும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குக் கொடுக்கிறேன். அது யாழ்ப்பாணத்துக்கும் போகிறது. கயல்விழி என்ற பெயரோடு ஒரு சின்ன வரிச்சட்டை இங்கிலாந்தில் யாரோ ஒருவரின் வீட்டில் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் தாய் தகப்பன் எங்காவது இருந்தால் அறியட்டும். அதை விற்றுக் கொடுத்தவன் நான் என்பதையும் அறியட்டும். உன் சித்தப்பாவும் வாசிப்பான். வாசித்துவிட்டு அவன் போன் எடுப்பான். இந்த முறை நான் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் மணி அடித்ததும் போனைத் தூக்கத்தான் போகிறேன்.

அப்பா